ஆமென் சொன்ன கையோட

சிரிக்காம கேக்கணும். நம்ம வயசுல பலமா சிரிச்சா என்ன ஆகும்னு நமக்கெல்லாம் தெரியும். தும்மினாலும் அதே கதைதான். கல்யாண மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் மணமேடையப் பாக்குறதுக்கு முன்னாடி பாத்ரூம் எந்தப் பக்கம்னு பாத்து வச்சுக்கிற கூட்டம்தானே நாம? நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு. அதான் இதை உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

போன மாசம் என் மகன் ஒரு நாய்க்குட்டி வாங்கிட்டு வந்தான். கூடவே ஒரு கட்டு பேடு, அதுமேலதான் குட்டி ஒண்ணுக்குப் போகணுமாம். ஒரு டப்பா பிஸ்கட்டு, ஒரு விசில் வேற. தினம் சாயங்காலம் செல்போன்ல எவனோ ஒருத்தன் சொல்லச் சொல்ல, இவன் ஹால்ல முட்டி போட்டுக்கிட்டு "சிட்... சிட்..."ங்கிறான். குட்டி அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஜமக்காளத்துலயே போயிடுது. ஒருநாள் அலுத்துப்போய், "இதுக்கு மூளையே இல்லம்மா, திருப்பிக் குடுத்துடலாமா"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "திருப்பி அனுப்புற பேச்சு இந்த வீட்டுல வரக்கூடாது"ன்னு ஒரு கத்து கத்திட்டேன். பாவம், கையில பிஸ்கட்டோட அப்படியே நின்னுட்டான். ஏன் கத்தினேன்னு அவன்கிட்ட சொல்லல. சொன்னா எட்டு வயசுல நான் என்னவா இருந்தேன்னு சொல்லணும்.

என்னவா இருந்தேன்? பாயை நனைக்கிற பிள்ளையா இருந்தேன்.

சீர்காழிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. அங்க மிஷன் பள்ளிக்கூடத்துல அப்பா ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடத்தை ஒட்டினாப்ல ஒரு ஓட்டு வீட்டைக் குடியிருக்கக் குடுத்திருந்தாங்க. பின்னால கொல்லை, கொல்லை முடிஞ்சா வாய்க்கால், அதைத் தாண்டினா வயல்தான். அந்த வருஷம் ஐப்பசி பொறந்ததுல இருந்து மழை விடவே இல்ல. நடவு முடிஞ்ச வயலும் வாய்க்காலும் ஒண்ணாத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியுமே, அடைமழைக் காலத்துல ஒரு கைக்குட்டை காயாது. நான் நனைக்கிறதோ கோரைப்பாய்.

மத்த மாசத்துல அம்மா விடியக்காலையில சத்தமில்லாம பாயைக் கழுவி வேலிமேல போட்டுடுவாங்க. மழையில எங்க போடுறது? அடுப்பங்கரைக்குள்ளயே கொடி கட்டி, அடுப்பு அனல்ல காய வச்சாங்க. சோறு வடிக்கிற வாசனையும் அந்த வாசனையும் சேந்து வீடு பூரா நிக்கும். அப்பா என்னை ஒரு அடி அடிச்சது கிடையாது. காலையில காப்பிக்கு வர்றப்ப கொடியில தொங்குற பாயைப் பாப்பாரு. அப்பறம் என்னைப் பாக்காமலே காப்பிய எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. அதுக்கு ரெண்டு அடி போட்டிருக்கலாம்.

அந்த மழையிலதான் மாமா வந்தாரு. அம்மாவோட தம்பி, நாகப்பட்டினத்துல ஐஸ் கம்பெனியில வேலை. கையில மஞ்சப்பை, பைக்கு வெளிய ஒரு தலை. காபிப்பொடி நிறம், நெத்தியில மட்டும் வெள்ளை. துறைமுகத்துல மீன் கூடைக்குள்ள கிடந்துச்சாம், குட்டிமேல அப்படி ஒரு கருவாட்டு நாத்தம்.

"மச்சான், வீட்டுக்குக் காவலா இருக்கும்"னாரு மாமா.

"காவல் காக்குறதுக்கு இங்க என்ன கொட்டிக் கிடக்கு?"ன்னு அப்பா கேட்டாரு. அதுக்குள்ள குட்டி என் மடியில ஏறிப் படுத்துடுச்சு. படுத்த உடனே நனைச்சும் விட்டுடுச்சு. அந்தச் சூடு பாவாடையில பரவுறப்ப எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சே, அதை எப்படிச் சொல்றது? அப்பாடா, இந்த வீட்டுல நான் மட்டும் இல்ல.

நாங்க லுத்தரன் சபைக்காரங்க. வீட்டுல ஜெபத்துக்குக் குறைச்சலே கிடையாது. எந்திரிச்சா ஜெபம், தட்டுக்கு முன்னால உக்காந்தா ஜெபம். சாயங்காலம் விளக்கு ஏத்தினதும் பாட்டு, வேதவாசிப்பு, அப்பறம் அப்பாவோட நீளமான ஜெபம். அந்த ஜெபம் முடியுறதுக்குள்ள எனக்கு ஒரு தூக்கம் முடிஞ்சுடும்.

குட்டி வந்த மறுநாள் அம்மா எனக்கு ஒரு உத்தரவு போட்டாங்க. "இத பாரு, ராத்திரி இது உள்ளதான் படுக்கப்போவுது. ஆமென் சொன்ன கையோட கொல்லைக்குத் தூக்கிட்டுப் போ. போனதும் தூக்கிட்டு வா. நடக்க விட்டா சேறும் சகதியுமா வந்து வீட்டை மெழுகிடும்."

அப்படியே செஞ்சேன். தினம் சாயங்காலம் அப்பா ஆமென்னு முடிச்ச நிமிஷம், குட்டியை அள்ளி இடுப்புல வச்சுக்கிட்டு, அப்பாவோட பெரிய குடையை விரிச்சுக்கிட்டு எலுமிச்சை மரத்தடிக்கு ஓடுவேன். இறக்கி விட்டதும் போயிடும். எனக்கு அப்படி ஒரு பெருமை. "போயிடுச்சும்மா!"ன்னு அங்க இருந்தே கத்துவேன். குட்டிக்கு இருக்குற ஒழுங்கு உனக்கு இல்லையேன்னு யாராவது கேப்பாங்களோன்னு பயமும் இருக்கும்.

மத்த பாடமெல்லாம் அப்பா எடுத்தாரு. நாய்க்கு இங்கிலீஷ்தான் புரியும்னு அவருக்கு யாரு சொன்னாங்களோ. தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் எங்க அப்பா, எங்ககிட்ட மறந்தும் இங்கிலீஷ் பேசாதவரு. தாழ்வாரத்துல நின்னு, டிரில் கிளாஸ்ல விடுற குரல்ல, "சிட்! ஸ்டாண்டு! கம்!"னு கத்துவாரு. குட்டி அவரு வேட்டி நுனியைப் பிடிச்சு இழுக்கும். கையில பொரி வச்சுக்கிட்டுப் பாத்தாரு. பொரியைத் தின்னுட்டு மறுபடி வேட்டி நுனிக்கே போயிடுச்சு.

"மக்கு"ன்னாரு அப்பா. "சுத்த மக்கு."

ஆனா ஒரு ஆச்சரியம். சாயங்காலம் அப்பா "ஜெபம் பண்ணுவோம்"னு சொன்னதும் நாங்க பாயில உக்காருவோம்ல, குட்டியும் எங்க நடுவுல வந்து பின்னங்காலை மடக்கி எங்களை மாதிரியே உக்காந்துடும். ஜெபம் முடியுற வரைக்கும் அசையாது. "பாருங்களேன், இதுக்குக்கூட எவ்வளவு பக்தி"ன்னு அம்மா உருகிப்போயிடுவாங்க. அப்பாவுக்கு அதுவும் கடுப்பு. "நான் சிட்டுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், உக்காராது. ஜெபத்துக்கு மட்டும் உக்காருதாக்கும்."

வினை வேற பக்கம் ஆரம்பிச்சுச்சு. கொஞ்ச நாள் போனதும் குட்டி வீட்டுக்குள்ளயே நனைக்க ஆரம்பிச்சுது. அதுவும் எப்ப? சரியா நாங்க சாப்பிட உக்காந்ததும். அப்பா தட்டுக்கு மேல கண்ணை மூடி ரெண்டு வரி ஜெபம் சொல்லி, சோத்துல கை வைப்பாரு. தட்டுக்குப் பக்கத்துலயே ஓடி வரும் தண்ணி. அம்மா உமியை அள்ளிட்டு வந்து கொட்டி அள்ளுவாங்க. மத்தியானம் மறுபடி. காலை ஜெபம் முடிஞ்சாலும் அதே. சாயங்காலம் மட்டும் ஒழுங்கா மரத்தடியில போயிடும். ஒருத்தருக்கும் ஒண்ணும் விளங்கல.

"நேரம் பாத்துப் பண்ணுது"ன்னு அப்பா சொன்னாரு. "வேணும்னே சாப்பாட்டு நேரம் பாத்து அசிங்கம் பண்ணுது. இதுக்கு உடம்பு பூரா கொழுப்பு."

வலங்கைமான்ல அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் ரைஸ் மில் வச்சிருந்தாரு. மில்லுக்கு ஒரு நாய் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாராம். அது அப்பாவுக்கு ஞாபகம் வந்துடுச்சு. கிறிஸ்மஸுக்கு முன்னால எங்க வீட்டுல ஜெபம் பண்ண ஐயர் வர்றதா இருந்துச்சு. எங்க சபையில போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம். அப்பா முடிவாச் சொல்லிட்டாரு. "ஐயர் வர்ற அன்னிக்கு ஒரு சொட்டு உள்ள விழுந்துச்சு, மறுநாள் காலையில பஸ்ஸுக்கு வலங்கைமான்."

எனக்கு அழுகை வந்துடுச்சு. "அப்பா, குட்டிப்பா... அதுக்குத் தெரியாதுப்பா..."

அப்ப அப்பா சிரிச்சாரு. அபூர்வமா சிரிக்கிறவரு. கொடியில தொங்குற பாயைக் காட்டி, "உன்னையும் சேத்து அனுப்பிடுறேன் இரு. ரெண்டும் ஒரே கேஸுதானே"ன்னாரு.

வேடிக்கைக்குத்தான் சொன்னாரு. இப்ப நமக்குத் தெரியுது. நம்ம பிள்ளைங்ககிட்ட நாமளும் இப்படி எத்தனை சொல்லியிருப்போம், உன்னைத் தவுட்டுக்கு வாங்கினோம், பிச்சைக்காரன்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்னு. அடுத்த நிமிஷம் மறந்தும் போயிடுவோம். எட்டு வயசுக்கு அது வேடிக்கைன்னு யாரு சொல்றது? நான் நம்பிட்டேன். ரைஸ் மில்லுல நெல்லு காயுற களத்துல நானும் குட்டியும் உக்காந்திருக்கிற மாதிரி நினைச்சு நினைச்சுப் பாத்தேன். எங்க ரெண்டு பேருக்கும் சோறு ஒரே தட்டுல போடுவாங்களான்னுகூட யோசிச்சேன். மாமா குட்டியைக் கொண்டுவந்த அதே மஞ்சப்பையில ஒரு பாவாடை சட்டை, சீப்பு, குட்டி தண்ணி குடிக்கிற கொட்டாங்குச்சி எல்லாத்தையும் எடுத்து வச்சு, கதவுக்குப் பின்னால மாட்டி வச்சுட்டேன். அம்மாகிட்ட சொல்லல. சொன்னா அழுவாங்க.

ஐயர் வந்தாரு. மழைத் தூத்தல், சைக்கிள்ல, வெள்ளை அங்கியைத் தூக்கிச் சொருகிக்கிட்டு. பெரிய உருவம், பெரிய குரல். அப்பா வாசல் வரைக்கும் ஓடி, "வாங்க ஐயரே, வாங்க"ன்னு கும்பிட்டு அழைச்சுட்டு வந்தாரு. அம்மா உளுந்து வடை போட்டு வச்சிருந்தாங்க. குட்டியைக் கொல்லையில எலுமிச்சை மரத்துல கட்டியிருந்தாங்க. நனைஞ்சுக்கிட்டே அது கத்துற கத்து ஊருக்கே கேக்குது.

"என்ன வாத்தியாரே, வாயில்லா ஜீவனை மழையில கட்டிப்போட்டுட்டு எனக்கு வடையா? அதை அவுத்து விடுங்க முதல்ல"ன்னாரு ஐயர்.

அப்பா என்னைப் பாத்துத் தலையாட்டினாரு. நான் ஓடிப்போய் அவுத்துட்டு வந்தேன். துவட்டி விட்டேன். அதோட காதுல, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அடக்கிக்கடா, கண்ணு, என் தங்கம்"னு கெஞ்சினேன்.

ஐயர் "ஜெபம் பண்ணுவோம்"னு ஆரம்பிச்சதும் குட்டி வந்து அவரு காலடியிலயே உக்காந்துச்சு. அசையல. ஐயர் ஊருக்காக ஜெபிச்சாரு, மழைக்காக, பயிருக்காக, பள்ளிக்கூடத்துக்காக, கடல்ல இருக்குறவங்களுக்காக. நான் கண்ணை மூடல. குட்டியவே பாத்துக்கிட்டு இருந்தேன். பொட்டு சத்தம் இல்லாம உக்காந்திருக்கு. பொழைச்சோம்டான்னு நினைச்சேன். அம்மாகூட ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பாத்துச் சிரிச்சாங்க.

ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடிச்சாரு. எங்க வழக்கப்படி எல்லாரும் சேந்து ராகமா மூணு தடவை, "ஆமென், ஆமென், ஆமென்."

குட்டி எந்திரிச்சு, ஐயரோட பாதத்துமேல நிதானமாப் போயிடுச்சு.

அப்பா முகம் இருண்டு போச்சு. "சனியனே!"ன்னு எந்திரிச்சாரு. ஐயர் முன்னால அந்த வார்த்தை வந்துடுச்சேன்னு உடனே வாயைப் பொத்திக்கிட்டாரு. அம்மா தண்ணிச் செம்பும் துண்டுமா ஓடி வந்தாங்க.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கதவுக்குப் பின்னால போய் மஞ்சப்பையை எடுத்து மாட்டிக்கிட்டேன். குட்டியைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டேன். வாசப்படியில போய் நின்னுக்கிட்டு, "நாங்க போறோம்பா"ன்னேன்.

"எங்கம்மா போறீங்க?"ன்னு ஐயர் கேட்டாரு.

"வலங்கைமானுக்கு. ரைஸ் மில்லுக்கு. அப்பாதான் சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் நனைக்கிறோம்ல, அதான் ரெண்டு பேரையும் அனுப்புறாங்க."

அம்மா கையில இருந்த செம்பு கீழ விழுந்துச்சு. ஐயர் நிமிந்து அடுப்பங்கரைப் பக்கம் பாத்தாரு. கொடியில என் பாய் தொங்குது. ஐயர் வர்றாருன்னு அன்னிக்கு அதை எடுத்து ஒளிச்சு வைக்க அம்மா மறந்துட்டாங்க போல. அவரு பாயைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, அப்பாவைப் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு.

"டேய்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க அப்பாவை டேய்னு கூப்பிட உலகத்துல ஆள் இருக்குன்னே எனக்குத் தெரியாது.

"டேய், போர்டிங்ல என் பக்கத்துப் பாயில படுத்தவன் யாருடா? ஆறாம் வகுப்பு வரைக்கும் விடியறதுக்கு முன்னாடி பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிணத்தடிக்கு ஓடினவன் யாரு? வார்டன் வந்துட்டாருன்னு உன் பாயை என் இடத்துல போட்டுக்கிட்டு, உனக்குப் பதிலா அடி வாங்கினது யாரு? மறந்துட்டியா?"

அப்பா நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அவரு முகத்துல அப்ப இருந்தது கோபம் இல்ல. அது என்னன்னு அன்னிக்குப் புரியல. அம்மா அவரைப் பாக்குற பார்வையிலயே தெரிஞ்சுது, இந்தக் கதை அம்மாவுக்கும் தெரியாது. தினம் காலையில என் பாயைப் பாத்துட்டு என்னைப் பாக்காமப் போனாரே, அது எம்மேல வெறுப்புன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த மனுஷன் பாத்தது அவரு பாயை.

ஐயருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சொல்லியிருக்க வேண்டாமோன்னு. பேச்சை முடிக்கிறதுக்காகக் கையை உயர்த்தி, "சரி விடு. எல்லாத்துக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆமென்"னாரு.

அவ்வளவுதான். என் இடுப்புல இருந்த குட்டி என் பாவாடையில போயிடுச்சு.

"அட!"ன்னு அலறினாங்க அம்மா. "அட, ஆமென்னு சொன்னா போவுதுங்க அது! என் புத்தியைச் செருப்பால அடிக்க. நான்தானே சொன்னேன், ஆமென் சொன்ன கையோட தூக்கிட்டுப் போன்னு! சோத்துக்கு முன்னால ஆமென், காலையில ஆமென்... ஐயோ, அது தப்பே பண்ணலைங்க! நாம சொல்லச் சொல்லத்தான் அது போயிருக்கு!"

அப்பா குட்டியையே பாத்தாரு. மெதுவா, பரிட்சைப் பேப்பர் திருத்துற குரல்ல, "ஜெபம் பண்ணுவோம்"னாரு. நான் குட்டியைக் கீழ விட்டேன். பின்னங்காலை மடக்கி உக்காந்துடுச்சு.

"மக்கு இல்ல போலிருக்கே"ன்னாரு அப்பா.

ஐயர் சிரிச்சாரு பாருங்க, ஓடு அதிரச் சிரிச்சாரு. "இது சொன்ன பேச்சைக் கேக்குற குட்டிடா. என் சபையில பாதிப் பேரு ஆமென்னு சொல்லிட்டு ஒண்ணுமே பண்றதில்ல." அம்மா சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாரு. எனக்கு மட்டும் ஒரே அழுகை. பயம் விட்டுப்போனா அழுகை வருமே, அந்த அழுகை. அப்பா வந்து என் தோள்ல இருந்து மஞ்சப்பையைக் கழட்டினாரு. உள்ள கையை விட்டு ஒண்ணு ஒண்ணா வெளிய எடுத்தாரு. கொட்டாங்குச்சியைப் பாத்ததும் அவரால சிரிக்க முடியல. "அப்பா சும்மா சொன்னேன்டா"ன்னாரு. "சும்மா சொன்னேன்." எத்தனை தடவை சொன்னாரோ.

குட்டிக்கு வேற வார்த்தை பழக்கிப் பாத்தோம். நடக்கல. ஆமென் சொல்லாம இருக்கவும் முடியாது. கடைசியில அப்பாதான் வழி கண்டுபிடிச்சாரு. ஜெபத்தையே கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாத்திட்டாரு. சாப்பாடும் அங்கதான். அப்பறம் குட்டியைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. ஆமென்னு சொன்னதும் அதுவா எந்திரிச்சு மரத்தடிக்குப் போயிடும், வந்துடும். உள்ள ஒரு சொட்டு விழுந்தது கிடையாது.

சாயங்கால ஜெபம் முடிஞ்சதும் அப்பா அஞ்சு பேட்டரிக்கட்டை டார்ச்சை எடுத்துக்கிட்டு, "வாங்க ரெண்டு பேரும்"னு கூப்பிடுவாரு. குட்டி எலுமிச்சை மரத்துக்கு, நான் பக்கத்துல கீத்து மறைப்புக்கு. அப்பா டார்ச் வெளிச்சத்தைத் தரையில அடிச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்னு வயலைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. "முடிஞ்சுதா?"ம்பாரு. "முடிஞ்சுதுப்பா"ம்பேன். என் பாய் ஒரே நாள்ல காஞ்சிடல. ஆனா நனைஞ்ச அன்னிக்கு அதைக் கழுவிப் போட்டது அப்பா. பொங்கலுக்கு வெயில் வந்தப்ப, நாலு பேரு பாக்குற மாதிரி வேலிமேல விரிச்சுப் போட்டுட்டு, கையைத் தட்டிக்கிட்டு உள்ள வருவாரு. அப்பறம் எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியாது. அறுப்பு நேரத்துல ஒருநாள் அம்மா கொடியை அவுத்துட்டாங்க.

அந்த வீடு இப்ப இல்ல. டார்ச்சும் இல்ல, எலுமிச்சை மரமும் இல்ல. குட்டி கிழமாகி, கடைசி வரைக்கும் ஆமென்னுக்கு எந்திரிச்சுப் போய், நல்லபடியாத்தான் செத்துச்சு. என் மகனோட குட்டிக்கு இப்ப நான்தான் பாடம் எடுக்கிறேன். பேடெல்லாம் தூக்கிப் போட்டாச்சு. என்ன வார்த்தை சொல்லிக்குடுக்கிறேன்னு கேக்காதீங்க. ஐயர் வந்து போற வீடு, அதனால வேற வார்த்தைதான்.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுடுறேன். அப்பா கடைசிக் காலத்துல தஞ்சாவூர்ல என் வீட்டுலதான் இருந்தாரு. விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுக்கை. ஒருநாள் காலையில காப்பி எடுத்துட்டுப் போறேன், சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்காரு. கூப்பிட்டா போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கிறாரு. வாசனையில எனக்குப் புரிஞ்சுடுச்சு. அத்தனை பெரிய மனுஷன், என் முகத்தைப் பாக்க மாட்டேங்குறாரு.

வேட்டியை மாத்தினேன், விரிப்பை உருவினேன். எல்லாம் ஆனதும், அன்னிக்குக் கொல்லையில அவரு கேப்பாரே, அதே மாதிரி, "முடிஞ்சுதா?"ன்னு கேட்டேன்.

முதுகு குலுங்குச்சு. ஐயோ, அழ வச்சுட்டேனேன்னு பயந்துபோய் எட்டிப் பாத்தேன். சிரிக்கிறாரு. பல்லில்லாத வாயால, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறாரு. அப்பறம் எம்பக்கம் திரும்பினாரு.

"ஆமென்"னாரு.